வாத்துக்கு ஒரு குளம்

தமிழ்நாட்டுப் புலவர்கள் வாத்துக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டார்கள். நளனுக்கும் தமயந்திக்கும் நடுவே தூது போகிற பாக்கியம் அன்னத்துக்குக் கிடைத்தது. சத்திமுத்தப் புலவர் புண்ணியத்தில் நாரைக்கும் ஒரு தூது கிடைத்தது. கிளி போயிருக்கிறது, மேகம் போயிருக்கிறது, தமிழ் மொழியே தூது போயிருக்கிறது. வாத்தை நம்பி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிய காதலியைப் பற்றி மட்டும் நான் படித்ததில்லை. கதாநாயகி நடந்தால் அன்னநடை. அதே நடையைச் சற்று அவசரமாக நடந்தால் வாத்துநடை. அன்னத்தை நாம் யாரும் கொல்லைப்புறத்தில் கண்டதில்லை. அதனால்தான் அதன் மரியாதை குறையாமல் இருக்கிறதோ என்னவோ! கண்ணால் பார்த்த வாத்தை, யாரையாவது மடையன் என்று திட்டும்போதுதான் துணைக்குக் கூப்பிடுகிறோம்.

வாத்தை வைத்துக் காப்பாற்றிப் பார்த்தவன் என்ற முறையில் அதற்காக இரண்டு வார்த்தை பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் வாத்தைப் பற்றி ஆரம்பித்தால் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தாலோ, எங்கே போய் முடியும் என்று சொல்லவே முடியாது.

பொன்னமராவதி வாத்துக்கு ஏற்ற ஊர் அல்ல. காவிரிக் கரைக் கழனிகள், செங்கற்பட்டு, ஆரணிப் பக்கத்து ஏரிப் பாசனங்கள், மலையாளத்துக் குட்டநாடு — இவைதாம் வாத்தின் சொந்த நாடுகள். எங்களுடையது வானம் பார்த்த பூமி. 1948-ஆம் ஆண்டு வரை புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த இந்தச் சீமையில் வற்றாத ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு வருஷம் முழுவதும் வாழவேண்டும். அதனால்தான் கண் போகிற இடமெல்லாம் கண்மாய், ஊரணி, குளம், குட்டை. சமஸ்தானத்தார் 1929-இல் அச்சிட்ட சாசனத் தொகுதியைப் புரட்டினால் குளமும் மடையும் குமிழியும் அடிக்கடி கண்ணில் படும். எங்கள் ஊருக்கும் அமரகண்டான் குளம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கத்து மனிதனுக்குக் குளம் வெட்டுவது புண்ணியம் மட்டும் அல்ல, பிழைப்பும் கூட.

இப்படிப்பட்ட ஊருக்கு வாத்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வாத்து வரவில்லை, முட்டைதான் வந்தது.

தை மாதம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்கிடை போடுகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுவையும் தேடி, ஊர் ஊராக மந்தையை ஓட்டிக்கொண்டு போவார்கள். முன்பெல்லாம் நடைதான், இப்போது தூரத்து ஊர் என்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வாத்துக்குத் தீனி, வயலுக்கு எரு, வயல்காரருக்குப் பூச்சித் தொல்லை குறைவு. மூன்று பேருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம். ஒரு வருஷம் நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்து விளைந்திருந்தது. அந்தத் தை மாதக் கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு கிடை வந்து இறங்கியது. மாலையில் நடந்துபோனபோது, பச்சைக் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அத்தனை வாத்துகளையும் ஒரே திசையில் நடத்திக் கொண்டுபோவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஒரு நாவலில் பதினைந்து பாத்திரங்களை ஒரே திசையில் நடத்த நான் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

“அடைக்கு வைக்க முட்டை கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“வீட்டிலே அடைக்கோழி இருக்காங்க, ஐயா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். “இருந்தா கொண்டுபோங்க. எங்க வாத்து முட்டை போடும், உக்காராது. அலைஞ்சு திரியற சாதியில்லையா?”

எட்டு முட்டையோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி முட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எழுதறதை விட்டுட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு செவலைக் கோழி அடைகாக்கத் துடித்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் எட்டையும் வைத்தோம். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். நம் ஊரில் மணிலா வாத்து என்று சொல்லுகிற தென் அமெரிக்க ஜாதிக்கு 35 நாள். அந்தக் கோழி தன்னுடைய கணக்குப்படி மூன்று வாரம் உட்கார்ந்தது. முட்டைக்குள் அசைவு இல்லை. எழுந்து போய்விடுமோ என்று எங்களுக்குக் கவலை. கோழியோ எழுந்திருக்கவில்லை. வெளியே வந்து நாலு மணி அரிசியைக் கொத்தும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கும், மறுபடியும் போய் உட்கார்ந்துவிடும். வாத்து முட்டைக்கு ஈரம் அதிகம் வேண்டும் என்பதால் கடைசி நாட்களில் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்தோம். இருபத்தெட்டாம் நாள் காலையில் ஆறு குஞ்சுகள். அவற்றில் ஒன்று இரண்டு நாளைக்கு மேல் தங்கவில்லை. மற்ற ஐந்தும் மஞ்சள் பஞ்சை உருட்டிவிட்டாற்போல் கோழியின் பின்னால் ஓட ஆரம்பித்தன.

இனிமேல்தான் தண்ணீர்ப் பிரச்சினை.

வாத்துக் குஞ்சுதானே, பிறந்த அன்றே நீந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். தாய் வாத்தோடு வளர்கிற குஞ்சு நீந்தும். வாத்தின் வால் அடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. அந்த எண்ணெயை அலகால் எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்வதால்தான் அதன் உடம்பில் தண்ணீர் ஒட்டுவதில்லை. குஞ்சுக்கு அந்தச் சுரப்பி சரியாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தாயின் இறகோடு உரசி உரசித்தான் எண்ணெய்ப் பசையைப் பெற வேண்டும். கோழியின் மடியில் வளருகிற குஞ்சுக்கு அந்தச் சீதனம் இல்லை. தண்ணீரில் விட்டால் நனைந்து விறைத்துவிடும். ஆகவே முதல் மூன்று வாரம் அலகு நனைகிற அளவுக்குத் தட்டில் தண்ணீர். அதற்குள் குளம் தயாராக வேண்டும்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். கொல்லையில் மேடான இடம் ஒன்றைக் காட்டினேன். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று திட்டம். கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்து மிதித்து, பழைய ஊரணிபோல அழகாகச் செய்யலாம் என்பது என் ஆசை.

“களிமண்ணா? வாத்து மூக்காலேயே நோண்டி ஒரே மாசத்துலே ஓட்டை போட்டுப்புடும், சார்,” என்றார் அவர். “நம்ம மண்ணு சரளை மண்ணு. தண்ணியை அப்படியே குடிச்சுப்புடும்.”

அவர் சொன்னதுதான் நியாயம். செம்புறாங்கல் சுவர் எழுப்பி, உள்ளே சிமெண்டு பூசினோம். ஒரு பக்கம் மட்டும் சுவர் வேண்டாம், சரிவாக இருக்கட்டும் என்றேன். செங்குத்தான கரையில் ஏறத் தெரியாமல் குஞ்சுகள் தத்தளித்துச் செத்துப்போவது உண்டு. சரிவில் கால் வழுக்காதபடி சரளையைப் பதித்தார். சுற்றிலும் இரண்டடிக்குக் கூழாங்கல் பரப்பினோம். இல்லாவிட்டால் வாத்து கரையைச் சேறாக்கி, சேற்றைக் குளமாக்கி, கடைசியில் எது கரை, எது குளம் என்று தெரியாமல் அடித்துவிடும். புதுச் சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் போக, தண்ணீர் நிரப்பி வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்துவிட்டு, இன்னொரு முறையும் அப்படியே செய்தோம்.

வேலையெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், எங்கள் சீமையில் ஆயிரம் வருஷமாகச் செய்துவந்ததைத்தான் சிறிய அளவில் செய்திருக்கிறோம் என்று தெரிந்தது. கூரைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழ ஓர் இடம்: அது வரத்துக்கால். மிஞ்சியது வழிந்தோட மேல்விளிம்பில் ஒரு பள்ளம்: அது கலிங்கு. அடியில் அடைப்பான் வைத்த நாலங்குலக் குழாய். திறந்தால் தண்ணீர் தென்னம்பாத்திக்கும் வாழைக்கும் ஓடும்: அதுதான் மடை. குளத்தை மேட்டில் வைத்ததன் ரகசியம் இதுதான். பள்ளத்தில் வைத்தால் தண்ணீரை வாளியால் இறைக்க வேண்டும். மேட்டில் வைத்தால் அது தானே இறங்கிப் போய் வேலை செய்யும்.

கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சி வேலி ஓரத்தில் வந்து நின்றார்கள்.

எண்பதைத் தொடப்போகிற வயது. எட்டுக்கட்டு வீட்டில் இரண்டு கட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றதைப் பூட்டிவிட்டுத் தனியாக இருப்பவர்கள். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. செட்டிநாட்டுப் பக்கத்து வழக்கப்படி பிள்ளை கூட்டிக்கொண்டு வளர்த்தார்கள். வளர்த்த பிள்ளை நன்றாகப் படித்துக் கடல் கடந்து போய் நல்ல நிலைமையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் பேசுவார். ஊருக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன.

“இது என்ன தம்பி, தொட்டியா?”

“வாத்துக்குக் குளம், ஆச்சி.”

“எத்தனை குடம் பிடிக்கும்?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். 90 கன அடி. சுமார் 2,500 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தால் 170 குடம்.

ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இந்தத் தெருவிலே ஒரு குடம் தண்ணிக்குக் குழாயடியிலே நின்னு சண்டை போட்டிருக்காக, தம்பி. நானே பார்த்திருக்கேன். நூத்தெழுபது குடத்தை வாத்து மிதிக்கவா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர்கள் கோபிக்கவில்லை. அன்று இரவு நான் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு தண்ணீர்க் கணக்குப் போட்டேன். கிணற்றிலிருந்து தென்னைக்கும் வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் எப்படியும் பாய்ச்சிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தத் தண்ணீர் நேராகப் போகாமல் குளத்தில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகப் போகிறது. வாத்தின் எச்சம் கலந்து பச்சையாகி, எருவோடு சேர்ந்து போகப் போகிறது. வெயிலில் ஆவியாகிறது மட்டுமே உண்மையான செலவு. மழைக்காலத்திலோ அந்தச் செலவும் இல்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 2,300 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்குகிறது. வீட்டுக்கு வீடு மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று 2003-இல் அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்து மழையை அண்டாவில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் இதையெல்லாம் ஆச்சியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

“கணக்கு சரிதான் தம்பி,” என்றார்கள். “ஆனா தாகத்துக்குக் கணக்குத் தெரியாதே!”

இதற்குப் பதில் இன்றுவரை என்னிடம் இல்லை. ஒரு நிபந்தனையை மட்டும் எனக்கு நானே போட்டுக்கொண்டேன்: கிணற்றில் தண்ணீர் குறிப்பிட்ட படிக்குக் கீழே இறங்கினால், அன்றோடு குளத்தை நிறுத்திவிடுவது.

சித்திரை பிறந்த சில நாளில் குஞ்சுகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போனோம். அழைத்துப் போனோம் என்பது பேச்சுக்குத்தான். கோழி கொல்லையில் கிளறிக்கொண்டே அந்தப் பக்கம் போயிற்று. ஐந்தும் பின்னால் போயின. குளத்தைக் கண்டதும் ஐந்தும் ஒரு கணம் நின்றன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் இறங்கி, யாரோ பாடம் சொல்லிக் கொடுத்தாற்போல் மிதந்துவிட்டன.

கோழி போட்ட கூச்சலை எழுத்தில் எழுத முடியாது. கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிற்று. சிறகை அடித்துக்கொண்டது. சரிவில் இரண்டு அடி இறங்கி, கால் நனைந்ததும் பின்வாங்கிற்று. மறுபடியும் இறங்கிற்று. குஞ்சுகளோ தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தன. கால் மணி நேரம் கழித்து அவை கரையேறி, உடம்பை உதறிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் கோழியின் இறகுக்குள் புகுந்துகொண்டன. ஈர உடம்பு பட்டுக் கோழி சிலிர்த்தது. ஆனால் இறகை விரித்து மூடிக்கொண்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆச்சி எத்தனை நேரமாக நின்றுகொண்டிருந்தார்களோ!

“தன் பிள்ளையின்னு நினைச்சுக்கிட்டிருக்கு, பாவம்!” என்றாள் என் மனைவி.

“அதெல்லாம் இல்லேம்மா,” என்றார்கள் ஆச்சி. “இருபத்தெட்டு நாள் உக்காந்திருக்கே, அதுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் நிக்குது.”

விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்ளாது. கோன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி இந்தத் தாய்-குஞ்சு விஷயத்தை வெகுகாலம் ஆராய்ந்து, 1973-இல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முட்டையிலிருந்து வந்ததும் எது முன்னால் அசைகிறதோ, எது குரல் கொடுக்கிறதோ, அதைத் தாய் என்று குஞ்சு மனத்தில் பதித்துக்கொள்ளும் என்பது அவர் காட்டிய உண்மை. காட்டு வாத்துக் குஞ்சுகள் தம்மைப் பின்தொடர வேண்டும் என்று, தாடி வைத்த அந்தப் பெரிய மனிதர் புல்லில் குந்திக்கொண்டு, ‘குவாக் குவாக்’ என்று கத்தியபடியே தவழ்ந்து போனாராம். குஞ்சுகள் உயரமான புல்லில் மறைந்திருந்தன. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், தனியாகத் தவழ்ந்துகொண்டு வாத்துபோலக் கத்துகிற ஒரு மனிதர்தான்! லோரன்ஸ் சொன்னதைப் பார்த்தால் குஞ்சுகளுக்குக் கோழிதான் தாய்; அதில் சந்தேகம் இல்லை. கோழிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொல்ல நான் யார்? ஆச்சியோடு நான் வாதம் செய்யவில்லை.

மறுநாள் காலையில் வேலி ஓரத்தில் ஒரு பாத்திரம் இருந்தது. அரிசி கழுவிய தண்ணீர். “கீழே கொட்டறதை வாத்துக்கு ஊத்துங்க,” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

தீனி விஷயத்தில் வாத்து நல்ல மனிதர்களைப் போன்றது. கொடுத்ததைக் குறை சொல்லாது. குருணையும் தவிடும் பிசைந்து வைத்தால் போதும். மீதியை நத்தை, புழு, கீரை, பூச்சி என்று தானே தேடிக்கொள்ளும். குளம் வைத்தால் கொசு வரும் என்று தெருவில் பயந்தார்கள். கொசுப்புழு வளர வேண்டுமானால் தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும்; எங்கள் குளத்துத் தண்ணீர் பகலில் ஐந்து நிமிஷம் சும்மா இருந்ததில்லை. பிழைத்துவந்த புழுக்களும் அலகுக்குத் தப்பவில்லை.

ஆனால் ஒரு தீனியை மட்டும் நான் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கம் மானாவாரிக் கடலை விளைகிற பூமி. கடலைப் பிண்ணாக்கு தாராளமாகக் கிடைக்கும். ஒரு கடையில், கொஞ்சம் நாட்பட்டுப் பூஞ்சை பூத்த பிண்ணாக்கைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார்கள். மாடே தின்கிறது, வாத்து தின்னாதா என்று கேட்டார்கள். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. என்ன வியாதி என்று தெரியாததால் ‘எக்ஸ் வியாதி’ என்று பேர் வைத்தார்கள். வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. துருவிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஒரு பூஞ்சையின் விஷம் அது என்று தெரிந்தது. அஃப்ளடாக்ஸின் என்று இன்று உலகம் அறிந்த விஷம் அதுதான். அதற்கு மிகச் சுலபத்தில் பலியாகிற உயிர் வாத்துக் குஞ்சு. தீனியில் விஷம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க, ஆரம்பத்தில் வாத்துக் குஞ்சுகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். நம்முடைய கடலைக்கு உலகச் சந்தையில் இன்று வைக்கிற பரீட்சைக்கெல்லாம் பின்னால், பெயர் தெரியாத எத்தனையோ வாத்துக் குஞ்சுகள் இருக்கின்றன. மடையன் என்று திட்டுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

வைகாசி நடுவில் கிணறு இறங்கியது. நான் குறித்து வைத்திருந்த படி வெளியே தெரிந்த அன்று மடையைத் திறந்துவிட்டேன். பச்சைத் தண்ணீர் வளைந்து வளைந்து தென்னையடிக்குப் போயிற்று. ஐந்து வாத்தும் தண்ணீரோடு கூடவே இறங்கி, கடைசியில் வெறும் சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வாத்துக்கு நீந்தத் தண்ணீர் இல்லாவிட்டாலும் உயிருக்குச் சேதமில்லை. ஆனால் தலை முழுவதும் முக்குகிற ஆழத்துக்காவது தண்ணீர் வேண்டும். கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளாவிட்டால் நோய் வந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டி வைத்தேன். ஏறி நின்று கவிழ்த்துவிட்டன.

அன்று சாயங்காலம் நாலு ஆட்கள் வியர்க்க விறுவிறுக்க ஒரு கல்தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொல்லைக்குள் வந்தார்கள். ஆச்சி வீட்டில் மாடு கட்டியிருந்த காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி. மாடுகள் போன பிறகு எத்தனையோ வருஷமாகச் சருகு நிறைந்து கிடந்தது.

“கொடுத்துட்டேன்னு நினைக்காதீங்க தம்பி. மழை வர்ற வரைக்கும்தான்,” என்றார்கள் ஆச்சி. பிறகு, “எங்க முத்தத்துக் கிணத்திலே ஊத்து இன்னும் இருக்கு. நாளைக்கு நாலு குடம் எடுத்துக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சுபோகாது,” என்று சேர்த்துக்கொண்டார்கள்.

நூற்று எழுபது குடத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள் அவர்கள்தாம். நாலு குடத்தை வலிய வந்து கொடுத்தவர்களும் அவர்கள்தாம். இதில் முரண்பாடு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தண்ணீரின் அருமை தெரிந்தவர்களால்தான் இரண்டையும் செய்ய முடியும். எங்கள் ஊருக்கு மேற்கே சிறிது தூரத்தில் பிரான்மலை இருக்கிறது. முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரி ஆண்ட பறம்பு மலை அதுதான் என்கிறார்கள். பாரியின் கொடையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, தேர் இருந்தது, கொடுத்தான் என்று நினைத்துக்கொண்டேன். இல்லாத ஊரில் நாலு குடம் தண்ணீர் கொடுப்பதைப் பார்த்த பிறகு, பாரியின் கதை கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது.

அந்தக் கோடையில் கோழி எங்களை விட்டு, அதாவது வாத்துகளை விட்டு, விலகியது. சண்டை ஒன்றுமில்லை. குஞ்சுகள் கோழியைவிடப் பெரிதாகிவிட்டன, இறகுக்குள் அடங்கவில்லை. ஒரு நாள் அது கல்தொட்டிப் பக்கம் வரவில்லை. முருங்கையடியில் தன் இனத்தோடு கிளறிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் முட்டையிட ஆரம்பித்துவிட்டது. “அவ்வளவுதானா?” என்று என் மனைவி கேட்டாள். “அவ்வளவுதான்,” என்றார்கள் ஆச்சி. “வளர்த்தாச்சு. அது அது தண்ணியிலே அது அது இருக்கணும்.” அன்று ஞாயிற்றுக்கிழமை என்று பின்னால்தான் எனக்கு நினைவு வந்தது.

வாத்துகளில் எது ஆண், எது பெண் என்று குரல் உடைந்தபோது தெரிந்தது. ஊரைக் கூட்டுகிற ‘குவாக்’ பெண்ணுடையது. ஆணுக்குத் தொண்டை கட்டினாற்போல் கரகரத்த மெல்லிய குரல்தான்; அதற்குப் பதிலாக வாலில் சுருண்ட இறகைக் கொடுத்திருக்கிறார் கடவுள். மூன்று பெண், இரண்டு ஆண். ஆவணியில் முட்டையிட ஆரம்பித்தன. விடிவதற்கு முன்பே, படுத்த இடத்திலேயே போட்டுவிடும். தாமதமாக எழுந்திருக்கிற எழுத்தாளனுக்குத் தேடுகிற வேலை இல்லை. காக்கி காம்பெல் என்கிற சீமை ஜாதி வருஷத்துக்கு 300 முட்டை கூட இடும். எங்களுடைய நாட்டு வாத்துகள் அவ்வளவு சுறுசுறுப்புக் காட்டவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. வாத்து முட்டை மூலவியாதிக்கு நல்லது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதனால் தெருவில் யார் யாருக்கு மூலவியாதி என்ற ரகசியமெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. வரத்துக்கால் பேசிற்று; குளம் நிறைந்தது; கலிங்கு வழிந்தது. கிணற்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. நாலு ஆட்களைத் தேடிப் பிடித்துக் கல்தொட்டியைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தேன். ஆச்சி வேலியோரம் வந்து பார்த்தார்கள்.

“அது அங்கேயே கிடக்கட்டும் தம்பி. இங்கே வந்து என்ன பண்ணப்போகுது?”

அதனால் தொட்டி எங்கள் கொல்லையில்தான் இருக்கிறது. குளத்தில் வாத்துகள் சத்தம் போடுகிற நேரங்களில் தொட்டிக்கு வேறு விருந்தாளிகள் வருகிறார்கள். மைனா குளிக்கிறது. அணில் விளிம்பில் தொங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறது. குளத்தின் மேல் தட்டான் பறக்கிறது. எங்கிருந்தோ வந்த தவளைகள் இரவில் கச்சேரி செய்கின்றன. தவளையைத் தேடி ஒரு தண்ணீர்ப் பாம்பும் வந்துபோகிறது. மீன் இல்லை என்று தெரியாமல் ஒரு மீன்கொத்தி பத்து நாளாக முருங்கைக் கிளையில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இவர்கள் யாரையும் நான் உத்தேசிக்கவில்லை. குளம் யாருக்கென்று வெட்டுகிறவன் நினைத்துக்கொள்ளலாம். யார் வந்து குடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் கரையைக் கட்டி முடித்ததோடு அவன் கையை விட்டுப் போய்விடுகிறது. பெயர் பொறித்துக் குளம் வெட்டிய பழங்காலத்து மனிதர்களுக்கும் இது தெரிந்துதான் இருக்கும். தெரிந்துதான் வெட்டியிருப்பார்கள்.